எடுக்கலாம், கொடுக்கக் கூடாது: ஏப்ரல் 14 முகாம்களும் திருநரின் குருதியும்

தமிழ்நாட்டில் ஏப்ரல் 14-க்கும் ஏப்ரல் 15-க்கும் இடையே ஒரே ஓர் இரவுதான் உள்ளது. முதல் நாள் அண்ணல் அம்பேத்கரின் பிறந்த நாள். 2022 முதல் மாநில அரசு அதைச் சமத்துவ நாளாகக் கடைப்பிடிக்கிறது. அடுத்த நாள் திருநங்கையர் நாள். 2008-இல் திருநங்கையர் நல வாரியம் அமைக்கப்பட்டதை ஒட்டி வருவது. 2014-இல் நால்சா வழக்கில், தம் பாலின அடையாளத்தைத் தாமே தீர்மானிக்கும் உரிமை திருநருக்கு உண்டென்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் அதே ஏப்ரல் 15-ஆம் நாள்தான். நாட்காட்டியில் அருகருகே நிற்கும் இவ்விரு நாட்களும் நம் குருதிக்கொடை முகாம்களில் மட்டும் ஒன்றையொன்று சந்திப்பதில்லை. இடையே ஒரு படிவம் நிற்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன், தென் மாவட்ட நகரொன்றில் மாணவர்களும் இளம் வழக்குரைஞர்களும் சேர்ந்து நடத்திய ஏப்ரல் 14 முகாமில் நான் தன்னார்வலனாக இருந்தேன். அருந்ததியர் குடும்பத்தில் பிறந்த திருநங்கைத் தோழர் ஒருவர் மூன்று வாரங்கள் தெருத்தெருவாக அலைந்து கொடையாளர்களைத் திரட்டியிருந்தார். முகாம் தொடங்கியதும் முதல் ஆளாக வரிசையில் நின்றவரும் அவரே. மருத்துவ அலுவலர் நல்ல மனிதர். படிவத்தைப் பார்த்தவர் குரலைத் தாழ்த்தி, தமக்கு மறுக்க விருப்பமில்லை என்றும் விதி இடம் தரவில்லை என்றும் சொன்னார். தாழ்த்திய குரலிலும் வரிசையில் நின்ற அனைவருக்கும் அது கேட்டது. அதற்கு முந்தைய சித்திரையில் கூவாகத் திருவிழாவில் சுகாதாரப் பணியாளர்கள் அமைத்திருந்த கூடாரத்தில் எச்.ஐ.வி. பரிசோதனைக்குக் குருதி கொடுத்திருந்தார் தோழர். தொற்று இல்லை என்ற சீட்டு அவர் கைப்பையில் இருந்தது. அதை எடுத்துக் காட்டலாமா என்று என்னைக் கேட்டார். காட்டிப் பயனில்லை என்று சட்டம் படித்த நான் விளக்க வேண்டியிருந்தது. அன்று மாலைவரை, குருதி கொடுத்து எழுந்தவர்களுக்குப் பழச்சாறும் பிஸ்கட்டும் வழங்கியவர் அவர்தான்.

அந்த விதி எது என்பதைச் சொல்லிவிட வேண்டும். தேசிய இரத்தமேற்றுக் குழுமமும் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பும் 2017 அக்டோபரில் வெளியிட்ட கொடையாளர் தேர்வு வழிகாட்டு நெறிமுறைகளின் 12-ஆம், 51-ஆம் கூறுகள். எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி ஆகிய தொற்றுகளுக்கான 'ஆபத்தில் உள்ளோர்' என்று திருநர், ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்கள், பெண் பாலியல் தொழிலாளர்கள், ஊசிவழிப் போதைப்பொருள் பயன்படுத்துவோர், பலரோடு பாலுறவு கொண்டோர் ஆகியோரை அவை பட்டியலிடுகின்றன. இவர்களுக்கு விதிக்கப்படுவது நிரந்தர விலக்கு. பச்சை குத்திக்கொண்டவர் 12 மாதங்கள் காத்திருந்தால் போதும். திருநங்கைக்கு அப்படி ஒரு காத்திருப்புக் காலம் கிடையாது. அவர் சாகும்வரை விலக்கப்பட்டவர்.

பட்டியலைச் சட்ட மாணவர்கள் சற்று நிதானமாக வாசிக்க வேண்டுகிறேன். 'பலரோடு பாலுறவு கொண்டோர்' என்பது ஒரு செயல். கேட்டறியலாம், காலத்தால் மாறக்கூடியது. 'பாலியல் தொழிலாளர்' என்பது ஒரு தொழில். 'திருநர்' என்பதோ செயலும் அன்று, தொழிலும் அன்று. ஒருவர் யார் என்பது மட்டுமே. 2019-ஆம் ஆண்டின் திருநர் சட்டம் தரும் வரையறையில் திருநங்கைகளோடு திருநம்பிகளும் இடைப்பாலினரும் அடங்குவர். வாழ்நாளில் பாலுறவே கொண்டிராத திருநம்பிக் கல்லூரி மாணவர் ஒருவரும் அந்த ஒற்றைச் சொல்லுக்குள் வந்துவிடுகிறார். பிறப்பை வைத்து உடலின் தூய்மையை முடிவுசெய்யும் ஏற்பாட்டை இதே தளத்தின் வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

நெறிமுறை வெளியான காலத்தையும் கவனிக்க வேண்டும். தன்பாலுறவைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவை வயதுவந்தோரின் இசைவான உறவுகளுக்குப் பொருந்தாது என உச்ச நீதிமன்றம் அறிவித்தது 2018 செப்டம்பர் 6 அன்றுதான். ஆக, ஏறத்தாழ ஓராண்டுக் காலம், குருதி கொடுக்க வந்த ஓர் ஆணிடம், சட்டம் குற்றம் என்று சொன்ன செயலை அரசுப் படிவத்தில் ஒப்புக்கொள்ளுமாறு இந்நெறிமுறை எதிர்பார்த்தது. குற்றம் நீங்கிய பின்னும் அவமானம் நீங்கவில்லை. திருமணமாகிப் பிள்ளைகள் பெற்று, ஊருக்குத் தெரியாமல் ஆண்களோடு உறவு வைத்திருப்பவர் 'இல்லை' என்று எழுதிவிட்டுக் கட்டிலில் படுக்கிறார். உண்மை சொல்பவர் வெளியே அனுப்பப்படுகிறார். மறைப்பவர் உள்ளே வருகிறார். யாரை இழிவுபடுத்துகிறதோ அவர்களின் நேர்மையையே நம்பி நிற்கும் பாதுகாப்பு ஏற்பாடு எவ்வளவு உறுதியானதாக இருக்க முடியும்?

இந்த விதியை எதிர்த்து மணிப்பூரைச் சேர்ந்த திருநங்கைச் செயற்பாட்டாளர் சாந்தா குராய் 2021-இல் உச்ச நீதிமன்றத்தை அணுகினார். நீதிமன்றம் அறிவிப்பு அனுப்பியது. இடைக்காலத் தடை வழங்கவில்லை. 2023-இல் ஒன்றிய அரசு தாக்கல் செய்த பிரமாணப் பத்திரம், பட்டியலில் உள்ளோரிடையே எச்.ஐ.வி. பரவல் பொது மக்களைவிட 6 முதல் 13 மடங்கு அதிகம் என்றது. தனிமனிதரின் கொடுக்கும் உரிமையைவிடப் பெறுபவரின் பாதுகாப்பான குருதிக்கான உரிமையே மேலானது என்பது அரசின் வாதத்தின் மையம்.

இந்த வாதத்தை எள்ளி நகையாடிவிட்டுப் போவது நமக்கு அழகன்று. தலசீமியா உள்ள குழந்தைக்கு மாதந்தோறும் பிறர் குருதி வேண்டும்; பேறுகாலத்தில் குருதிப்போக்கால் தவிக்கும் பெண்ணுக்கு அது யாருடையது என்று கேட்கும் நேரம் இல்லை. அப்படி அரசு மருத்துவமனையின் குருதி வங்கியை நம்பிக் கிடப்போரில் பெரும்பகுதியினர் நம் மக்களே. குருதி கொடுப்பது அடிப்படை உரிமை என்று நானும் வாதிடவில்லை. என் கேள்வி வேறு: அரசு சொல்லும் எண்கள் அரசு சொல்லும் முடிவுக்கு இட்டுச் செல்கின்றனவா?

2017-ஆம் ஆண்டின் தேசியக் கண்காணிப்பு ஆய்வின்படி திருநரிடையே எச்.ஐ.வி. பரவல் 3.14 விழுக்காடு, பெண் பாலியல் தொழிலாளர்களிடையே 1.56 விழுக்காடு. மடங்குகளில் சொல்லும்போது அச்சமூட்டும் இந்த எண்ணைத் திருப்பிப் படித்தால், நூறு திருநரில் தொண்ணூற்றாறு பேருக்கும் மேல் தொற்று இல்லை. மேலும், இந்த ஆய்வு எடுக்கப்படுவது தடுப்புத் திட்டங்களின் வழியே அணுகப்படும் திருநங்கைகளிடம். அலுவலகத்தில் வேலை செய்யும் திருநம்பியோ, விடுதியில் தங்கிப் படிக்கும் திருநங்கை மாணவியோ அக்கணக்கில் இடம்பெறுவது அரிது. ஒரு பகுதியினரின் புள்ளிவிவரம் ஓர் இனம் முழுவதின் மீதும் போர்த்தப்படுகிறது. 'குற்றப் பரம்பரை' என்று ஊர் ஊராகக் கைரேகை எடுத்த ஆட்சியாளர்களிடமும் புள்ளிவிவரம் இருக்கத்தான் செய்தது.

பாதுகாப்பு எங்கே உடைகிறது என்பதைக் காட்டும் நிகழ்வு நம் மாநிலத்திலேயே உண்டு. 2018 டிசம்பரில் விருதுநகர் மாவட்டத்தில், கருவுற்றிருந்த ஒரு பெண்ணுக்கு எச்.ஐ.வி. தொற்றுள்ள குருதி ஏற்றப்பட்டது தெரியவந்தது. அதைக் கொடுத்த 19 வயது இளைஞர் 2016-லும் குருதி கொடுத்திருந்தார். அப்போதே தொற்று கண்டறியப்பட்டிருந்தும் அவரிடம் யாரும் தெரிவிக்கவில்லை. மீண்டும் கொடுத்தபோது அந்தக் குருதி சோதனையைத் தாண்டிப் போய்விட்டது. வெளிநாட்டு வேலைக்கான மருத்துவச் சோதனையில் உண்மை அறிந்த அவரே ஓடிவந்து மருத்துவமனையில் சொன்னார். பின்னர் நஞ்சருந்தி, அந்த ஆண்டு முடியுமுன் இறந்தும் போனார். அந்தப் பெண்ணையும் அந்த இளைஞரையும் கைவிட்டவை ஆய்வுக்கூடமும், தகவல் தெரிவிக்கும் கடமையும், பதிவேடும். படிவத்தில் எத்தனை அடையாளங்களை நிரந்தரமாக விலக்கியிருந்தாலும் அந்தத் தவறு நடந்தே இருக்கும்.

கொடையாகப் பெறும் ஒவ்வொரு யூனிட் குருதியும் எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி, மேகநோய், மலேரியா ஆகியவற்றுக்குச் சோதிக்கப்பட வேண்டும் என்பது சட்டம். தொற்று ஏற்பட்ட முதல் சில வாரங்களில் எதிர்ப்பான் சோதனைக்கு அது அகப்படாது. இதைச் சாளரக் காலம் என்பர். கிருமியின் மரபணுப் பொருளையே தேடும் 'நாட்' சோதனை இந்தக் காலத்தை ஏறத்தாழப் பத்து நாட்களாகச் சுருக்கிவிடும். ஆனால், அதற்குச் செலவு அதிகம். நாடு முழுவதும் அது கட்டாயமாக்கப்படவில்லை. சாளரக் காலம் பாலினம் பார்ப்பதில்லை. அண்மையில் யாரோடு, எவ்வகைப் பாதுகாப்போடு உறவு கொண்டீர்கள் என்ற கேள்வியை எல்லோரிடமும் கேட்பதே அதற்குத் தக்க காவல். பிரிட்டன் 2021 ஜூன் 14 முதல் அவ்வாறே செய்கிறது. புதிய துணை உண்டா, ஒன்றுக்கு மேற்பட்ட துணைகள் உண்டா என்று கடந்த மூன்று மாதங்களைப் பற்றி ஆண், பெண், திருநர் அனைவரையும் ஒரே வகையில் வினவுகிறது. கனடா 2022-லும் அமெரிக்கா 2023-லும் அவ்வழிக்கு வந்தன. எண்பதுகளில் எய்ட்ஸ் அச்சத்தின் உச்சத்தில் இத்தகைய வாழ்நாள் தடைகளைக் கொண்டுவந்த நாடுகளுள் அமெரிக்காவும் ஒன்று. அவர்கள் கைவிட்டதை நாம் 2017-இல் புதிதாக அச்சிட்டுக்கொண்டோம்.

நம் நாட்டில் விளிம்பில் உள்ளோரின் குருதியை எடுப்பதற்கு மட்டும் என்றுமே தடை இருந்ததில்லை. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-இல் சென்னையில். மருத்துவர்கள் சுனிதி சாலமனும் செல்லப்பன் நிர்மலாவும் செய்த அப்பணி மருத்துவ வரலாற்றில் மதிக்கத்தக்கது, ஐயமில்லை. ஆயினும், அந்தக் குருதி பாலியல் தொழிலில் இருந்த பெண்களுடையது என்பதையும் சேர்த்தே நினைவுகொள்ள வேண்டும். நால்சா தீர்ப்பு திருநருக்கெனத் தனி எச்.ஐ.வி. கண்காணிப்பு மையங்கள் வேண்டும் என்றது. 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு நலவாழ்வைப் பற்றிப் பேசும்போது முதலில் சொல்வதும் அதையே. கூவாகத்தில் கூடாரம், சுயமரியாதைப் பேரணியில் கூடாரம், திருநங்கையர் நாளில் கூடாரம். சோதனை தேவையானது, பலரைக் காப்பாற்றியிருக்கிறது. என்றாலும், ஒரு சமூகத்தின் எல்லாக் கொண்டாட்டங்களிலும் அரசு அவர்களுக்கென்று கொண்டுவரும் நலவாழ்வுச் செய்தி எச்.ஐ.வி. ஒன்றே என்றால், சர்க்கரை நோயைப் பற்றியும், மன அழுத்தத்தைப் பற்றியும், மருத்துவர் துணையின்றி எடுக்கப்படும் ஹார்மோன் மாத்திரைகளைப் பற்றியும் எந்தக் கூடாரத்தில் கேட்பது?

இந்த விலக்கு மிகக் கொடுமையாக வெளிப்படும் இடம் மருத்துவமனைப் படிக்கட்டு. அறுவைச் சிகிச்சை என்றால், உறவினர் இரண்டு பேரைக் குருதி கொடுக்க அழைத்து வாருங்கள் என்று சொல்லும் வழக்கம் பல இடங்களில் இன்னும் தொடர்கிறது. பெற்ற வீடு துரத்திவிட்ட ஒரு திருநங்கைக்கு உறவினர் யார்? அவரை மகளாக ஏற்ற மூத்த திருநங்கை. உடன் வாழும் மற்ற மகள்கள். அம்மா, பாட்டி, சகோதரி என்று ஒருவரையொருவர் அழைத்து அவர்கள் கட்டியிருக்கும் குடும்பத்தில் ஒருவர் குருதிகூட மற்றவருக்கு ஆகாது. வீட்டைவிட்டு விரட்டிய அண்ணனின் குருதி செல்லும். சோறு போட்ட தாயின் குருதி செல்லாது. 'சாதி ஒழிப்பு' நூலில், குருதிக் கலப்பு ஒன்றே நாம் ஓர் உறவு என்ற உணர்வைத் தரும் என்று வாதிட்டார் அம்பேத்கர். அவர் பேசியது கலப்பு மணத்தைப் பற்றி. அவர் பிறந்த நாளில் குருதிக்கொடை முகாம் நடத்தும் நாம் அந்த வரியை அறியாதவர்கள் அல்லர்.

அரசமைப்புச் சட்டத்தின் 17-ஆம் உறுப்பு தீண்டாமையை 'எந்த வடிவிலும்' தடைசெய்கிறது. திருநர் மீதான இந்த விலக்கு அதற்குள் வருமா? இங்கே நம் தோழர்களிடையே ஒரு தயக்கம் இருப்பதை அறிவேன். தீண்டாமை என்ற சொல்லை எல்லா விலக்குகளுக்கும் நீட்டினால், சேரியில் பிறந்ததால் மட்டுமே அனுபவிக்கும் கொடுமை நீர்த்துப்போகும் என்பது அந்தத் தயக்கம். சட்ட வரலாறும் அதற்கு இடம் தருகிறது. அவ்வுறுப்பில் தீண்டாமை என்ற சொல் மேற்கோள் குறிகளுக்குள் இருப்பதைச் சுட்டி, வரலாற்றில் வளர்ந்துவந்த சாதிவழித் தீண்டாமையையே அது குறிக்கும் என்று மைசூர் உயர் நீதிமன்றம் ஐம்பதுகளிலேயே தேவராஜையா வழக்கில் கூறியது. மறுபக்கம், 2018-ஆம் ஆண்டின் சபரிமலைத் தீர்ப்பில் நீதிபதி சந்திரசூட், தூய்மை-தீட்டு என்ற கருத்தின்மேல் எழும் விலக்குகள் அனைத்தையும் தழுவும் அளவுக்கு அவ்வுறுப்பு விரிவானது என்று எழுதினார். மற்ற நீதிபதிகள் அவ்வழி செல்லவில்லை.

என் நிலைப்பாடு இதுதான். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை இதற்கு இழுக்கக் கூடாது. அது பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கு உரியது, அப்படியே இருக்க வேண்டும். ஆனால், 17-ஆம் உறுப்பின் பின்னுள்ள அறிவை நாம் மட்டும் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. 1927-இல் மகாடில் சவுதார் குளத்து நீரை நம் மக்கள் அள்ளிப் பருகியதும், சாதி இந்துக்கள் 108 குடங்களில் பஞ்சகவ்வியம் ஊற்றி அக்குளத்தைத் 'தூய்மை' செய்தார்கள். குருதி வங்கியும் ஒரு பொதுக்குளம். அதில் கலக்கும் கிருமி உண்மையானது, மகாடில் சொல்லப்பட்ட தீட்டு பொய் என்ற வேறுபாட்டை நான் மறைக்கவில்லை. அந்த வேறுபாடுதான் என் வாதமே: கிருமியைத் தேட ஆய்வுக்கூடம் இருக்கிறது. ஆய்வுக்கூடத்தின் வாசலிலேயே ஆளைப் பார்த்து நிறுத்தும்போது அங்கே தேடப்படுவது கிருமி அன்று.

2025 மே மாதம் இவ்வழக்கு விசாரணைக்கு வந்தபோது, நீதிபதிகள் சூர்ய காந்த், கோட்டீஸ்வர் சிங் அமர்வு, திருநர் அனைவரையும் ஆபத்தானவர்களாக முத்திரை குத்துகிறோமா என்று கவலை தெரிவித்தது. மருத்துவப் பாதுகாப்பில் குறைவின்றி இந்த இழிவை நீக்கும் வழியை வல்லுநர்களிடம் கேட்டு வருமாறு ஒன்றிய அரசின் வழக்குரைஞரிடம் சொன்னது. மனு தாக்கலாகி நான்கு ஆண்டுகளுக்குப் பின் எழுந்த கேள்வி இது. எனினும், எழுந்தது நல்லது.

தீர்ப்பு வரும்வரை நம் முகாம்களில் என்ன செய்வது என்று மாணவர் அமைப்புகள் கேட்கின்றன. முகாமையே நிறுத்திவிடலாம் என்று சிலர் சொன்னபோது நான் உடன்படவில்லை, நோயாளி காத்திருக்கிறார். விதியை மறைத்துப் பொய் எழுதச் சொல்வதும் ஆகாது. ஆனால், கொடையாளரிடம் கேள்வி கேட்குமிடத்தை வரிசையிலிருந்து தள்ளி, திரையிட்டு அமைக்குமாறு குருதி வங்கியிடம் முன்கூட்டியே கேட்கலாம். நலவாழ்வுச் சேவையில் பாகுபாட்டைத் தடைசெய்யும் 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3-ஆம் பிரிவைச் சுட்டி இதை எழுத்தில் கேளுங்கள். நான் அறிந்தவரை யாரும் மறுத்ததில்லை. விதியின் பெயரால் இங்கே யாரார் விலக்கப்படுகிறார்கள், அமைப்பாளர்கள் அதை ஏற்கவில்லை என்ற அறிவிப்பை நுழைவாயிலில் எழுதி வைக்கலாம். விலக்கப்பட்ட ஒவ்வொருவரும் ஒப்பமிட்ட கடிதத்தை மாநில இரத்தமேற்றுக் குழுமத்துக்கும் ஒன்றியச் சுகாதார அமைச்சகத்துக்கும் அன்றே பதிவஞ்சலில் அனுப்பலாம். பெயர் வெளியிட விரும்பாதவரை வற்புறுத்தாதீர்கள். தன்பாலீர்ப்புள்ள மாணவர்களில் பலருக்கு அந்த ஒப்பம் வீட்டை இழப்பதாகவும் முடியலாம்.

எங்கள் நகரில் அடுத்த ஆண்டு முகாமில் அந்தத் திருநங்கைத் தோழரே அறிவிப்புப் பலகையை எழுதினார். பழச்சாறு மேசையில் நிற்க மாட்டேன் என்று முன்னரே சொல்லிவிட்டார். பதிவு மேசையில் அமர்ந்து, வந்தவர்களின் படிவங்களை வாங்கிச் சரிபார்த்தார். பலகையைப் படித்துவிட்டு, இது உண்மையா அக்கா என்று கேட்ட முதலாமாண்டு மாணவி ஒருத்திக்கு 51-ஆம் கூற்றை எடுத்துக் காட்டினார். அந்தப் பெண் சிறிது நேரம் நின்று யோசித்தாள். பிறகு தன் படிவத்தின் அடியில், இந்த விதியை ஏற்கவில்லை என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்திட்டுவிட்டுக் குருதி கொடுக்கப் போனாள். அன்று அவளுக்குப் பின் வந்த படிவங்கள் பலவற்றில் அந்த வரி இருந்தது.